காணி வேஷம் கட்டுவதற்கு முன்னால்

பள்ளி ஆண்டு விழாவில் ‘மலைவாழ் மக்கள் நடனம்’ என்று மைக்கில் சொன்னால் அடுத்து என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரியும். இடுப்பைச் சுற்றி மாவிலை, தலையில் கோழி இறகு, முகத்தில் கரி, கையில் அட்டை ஈட்டி. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு விழாவில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு முன்வரிசையிலேயே பாபநாசம் மலையில் காரையாற்றுப் பக்கம் வாழும் காணிக்காரர் என்ற பழங்குடியைச் சேர்ந்த பிள்ளை ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். “உங்க ஊர்ல இப்படியா உடுத்துவாங்க?” என்று கேட்டேன். “எங்கப்பா கைலிதான் கட்டும்” என்றான்.

முதல் தவறு இதுதான். பாபநாசத்துக்கு மேலே மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று எந்தக் காணிக் குடியிருப்புக்குப் போனாலும் நம்மைப் போலத்தான் உடுத்தியிருப்பார்கள். அந்தக் காலத்தில் ஆண்களுக்கு இடுப்புத் துணி, பெண்களுக்குக் கழுத்தில் பாசிமாலை. அதுவும் இப்போது தாத்தா பாட்டி கதையாகிவிட்டது. மாவிலை சினிமாக்காரர்கள் கட்டிவிட்டது.

வாடகைக் கடையில் வேறொரு கூத்து நடக்கும். வெள்ளைத் துணியில் சிவப்பும் கருப்புமாகப் பூவேலை செய்த போர்வையை எடுத்து நீட்டுவார்கள். அது நீலகிரித் தோடர்களுடையது. அந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஊட்டிக் குளிருக்கு ஏற்ற போர்வையைக் காரையாற்றுப் புழுக்கத்தில் போர்த்திக்கொண்டு யார் நிற்பது? வாசுதேவநல்லூர் மலையடிவாரத்துப் பளியர் என்ற வேறொரு பழங்குடியினரையும் காணிக்காரரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதும் இதே கணக்குதான்.

காணிக்காரரின் அடையாளத்தைத் துணியில் தேடாமல் கொக்கரையில் தேடுங்கள். வரிவரியாகப் பல் வெட்டிய இரும்புக் குழல் அது. இரும்புக் கம்பியால் உரசினால் கரகரவென்று ஓசை வரும். குடியில் யாருக்காவது நோய் கண்டால் அவர்களுடைய பூசாரியும் வைத்தியருமான பிலாத்தி உட்கார்ந்து, கொக்கரையை உரசியபடி சாற்றுப்பாட்டுப் பாடுவார். ராத்திரி தொடங்கினால் விடிய விடிய நீளும். நோயை இறக்குவதற்கான பாட்டு அது. சுற்றுலா போன இடத்தில் “ஒரு நிமிஷம் வாசிச்சுக் காட்டுங்க, வீடியோ எடுத்துக்கிறோம்” என்று கேட்பவர்கள், தங்கள் ஊர்க் கொடையில் சாமியாடியை நிறுத்தி ‘இன்னொரு தடவை ஆடு’ என்பார்களா?

கல்யாண முறை பற்றியும் வாய்க்கு வந்தபடி எழுதுகிறார்கள். காணிக்காரருக்குள் இல்லம் என்ற பிரிவுகள் உண்டு. ஒரே இல்லத்தார் கூடப்பிறந்தவர்கள் மாதிரி; அதற்குள் பெண் எடுக்கமாட்டார்கள். ஊர்த் தலைவருக்கு மூட்டுக்காணி என்று பெயர். ‘காட்டுக்குள் கட்டுப்பாடு ஏது’ என்று எழுதுபவர்கள் அவரிடம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு எழுதலாம்.

குடியிருப்புகள் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் பாபநாசம் சோதனைச் சாவடியில் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். வனத்துறை அனுமதி கொடுத்துவிட்டால் வீட்டுக்காரரும் கொடுத்த மாதிரி என்று நினைத்து முற்றத்தில் நுழைந்து போனைத் தூக்காதீர்கள். அறுபது வயது ஆளை “ஏய், இங்க பாரு” என்று கூப்பிடுகிற வழக்கமும் நம் ஆட்களிடம் இருக்கிறது. கீழே கடைத்தெருவில் அதே வயது மனுஷரை அண்ணாச்சி என்போமே, அதே அண்ணாச்சிதான் அங்கேயும்.