சிறிய பிக்கப்பில் படகை இழுத்துச் செல்லும் முறை

அனுமதி பெற்று, எப்போதாவது ஒருமுறை கிருஷ்ணகிரி அணைக்கோ மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கோ ஃபைபர் படகைக் கொண்டு செல்பவர் அதற்கென்று பெரிய வண்டி வாங்க வேண்டியதில்லை. படகு, எஞ்சின், எரிபொருள், டிரெய்லர் அனைத்தையும் சேர்த்து எடைமேடையில் நிறுத்தி, வண்டியின் கையேடு அனுமதிக்கும் இழுவை எடைக்குள் அது அடங்குகிறதா என்று பார்த்த பிறகே, டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் கொக்கியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அந்த மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். குறைந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் அலையும். மிகுந்தால் பிக்கப்பின் முன்சக்கரங்களில் பாரம் குறைந்து ஸ்டியரிங் தளரும். படகைச் சற்று முன்னோ பின்னோ நகர்த்தினாலே இது சரியாகிவிடும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டினால், கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் முன்முனை சாலையில் குத்தாது.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாயில்தான் உண்மையான சோதனை. டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவது அங்கே உயிரோடு விளையாடுவதாகும். இறக்கம் தொடங்கும் முன்பே கீழ் கியருக்கு மாற்றி, எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டு, பிரேக்கை இடைவெளி கொடுத்து அழுத்த வேண்டும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும்.

கரையை அடைந்ததும் டிரெய்லரை உடனே நீரில் இறக்காதீர்கள். ஓட்டத்தில் சூடான சக்கரக் குடம், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதி, திடீரென்று குளிர்ந்தால், உள்ளிருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சி, பேரிங்கின் கிரீஸைக் கெடுத்துவிடும். அது ஆறும் நேரத்தில் விளக்கு இணைப்பைக் கழற்றி வைக்கலாம்.