பல்கலைக்கழகத்திலிருந்து அமைச்சகத்துக்கு: பொருளியல் ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்விதழ்களில் பெயர் பெற்ற பொருளியலாளர் அரசு ஆலோசகராகப் போகும் முதல் ஆறு மாதத்தில் செய்யும் தவறுகள் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதே இல்லை. முன்னால் போனவர்கள் விழுந்த குழியிலேயே பின்னால் வருகிறவர்களும் விழுகிறார்கள். கூட்டத்துக்குத் தாமதமாக வருவது, அட்டவணையில் அலகைப் போட மறப்பது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை ஒரு முறை திட்டு வாங்கினால் திருந்திவிடும். நல்ல ஆய்வுப் பழக்கமே காரணமாகி வரும் தவறுகள்தான் திருந்தாதவை.

ஆய்வுக் கட்டுரையைச் சுருக்கினால் குறிப்பு ஆகாது

கட்டுரை கேள்வியில் தொடங்கும். அமைச்சருக்குப் போகும் குறிப்பு விடையில் தொடங்க வேண்டும். இரண்டு பக்கம் போதும். என்ன முடிவெடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், உங்கள் பரிந்துரை என்ன என்ற மூன்றும் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். அடுத்து இரண்டு அல்லது மூன்று வழிகள். ஒவ்வொன்றுக்கும் செலவு எவ்வளவு, யாருக்கு நட்டம், நடப்புச் சட்டமே போதுமா என்ற விவரம். கணக்குக்குப் பயன்படுத்திய பொருளியல் மாதிரியின் (model) பெயரும் மதிப்பிட்ட முறையும் பின்னிணைப்புக்கு.

‘யாருக்கு நட்டம்’ என்ற வரியைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். மொத்தத்தில் நன்மை என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். எதிர்ப்பு கிளம்பும் நாளில் அந்த வரி அமைச்சரின் கையில் இல்லையென்றால், அடுத்த குறிப்பை அவர் உங்களிடம் கேட்கமாட்டார்.

ஒற்றைக் கோடு

கணிப்பை ஒற்றைக் கோடாக வரைந்து காட்டும் இந்தத் தவறுதான் இன்றும் எரிச்சலைக் கிளப்புகிறது. ஏனென்றால் இதற்கான பாடம் எல்லோர் கண் முன்னாலும் நடந்தது.

2009 ஜனவரியில், ஒபாமா பதவியேற்பதற்குச் சில நாள் முன்பு, அவருடைய பொருளியல் ஆலோசகர்கள் கிறிஸ்டினா ரோமரும் ஜாரெட் பெர்ன்ஸ்டைனும் அமெரிக்கப் பொருளாதார ஊக்கத் திட்டத்தின் விளைவை மதிப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் ஒரு வரைபடம், இரண்டு கோடுகள். திட்டம் இல்லாவிட்டால் வேலையின்மை சுமார் 9 சதவீதம் வரை ஏறும். திட்டம் வந்தால் 8 சதவீதத்தைத் தாண்டாது. திட்டம் பிப்ரவரியில் சட்டமானது. அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. ‘இல்லாவிட்டால்’ கோட்டுக்கும் மேலே! படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு, திட்டமே வேலைகளைப் பறித்தது போலத் தெரிந்தது.

பிழை எங்கே? அறிக்கை எழுதப்பட்டபோது 2008 கடைசிக் காலாண்டின் ஜிடிபி (மொத்த உள்நாட்டு உற்பத்தி) கணக்கே வெளிவரவில்லை. ஜனவரி இறுதியில் வந்த முதல் மதிப்பீடு, ஆண்டு வேகத்தில் (அதே வேகம் ஓராண்டு நீடித்தால் என்ற கணக்கில்) 3.8 சதவீத வீழ்ச்சி என்றது. அடுத்த மாதம் அது 6.2 ஆனது. 2011 ஜூலைத் திருத்தத்தில் 8.9. தொடக்கப் புள்ளியே தவறாக இருந்தது. திட்டத்தின் விளைவை அவர்கள் தவறாக மதிப்பிட்டார்கள் என்று இதை வைத்துச் சொல்லவே முடியாது. ஆனாலும் அரசியல் மேடையில் அடி வாங்கியது அந்த மதிப்பீடுதான்.

இத்தனைக்கும் எச்சரிக்கை அதே அறிக்கையில் இருந்தது. மதிப்பீடுகள் கணிசமாகப் பிசகலாம் என்று எழுதியிருந்தார்கள். திட்டம் இல்லையென்றால் 11 சதவீதம் வரை போகலாம் என்று சில தனியார் கணிப்பாளர்கள் கருதுவது அடிக்குறிப்பில் இருந்தது. படம் ஊர் சுற்றியது, அடிக்குறிப்பு அறிக்கையிலேயே தங்கிவிட்டது. இதெல்லாம் தெரிந்தும், இன்றைக்குச் சேரும் ஆலோசகர் மெல்லிய ஒரு கோட்டை வரைந்து, கீழே சின்ன எழுத்தில் எச்சரிக்கையைப் போட்டு, கடமை முடிந்தது என்று நினைக்கிறார்.

தலைப்பு எண்ணாக மட்டத்தைக் கொடுக்காதீர்கள், வித்தியாசத்தைக் கொடுங்கள். அதே அறிக்கையில் 2010 கடைசிக் காலாண்டுக்கு வேலையின்மை, திட்டத்துடன் 7.0 சதவீதம், திட்டம் இல்லாமல் 8.8. அப்படியானால் மேடையில் சொல்ல வேண்டியது 1.8 புள்ளி. மட்டம் உலகத்தில் நடக்கும் அத்தனையையும் பொறுத்தது. உங்கள் திட்டம் பதில் சொல்ல வேண்டியது வித்தியாசத்துக்குத்தான்.

கோட்டுக்குப் பதில் பட்டை வரையுங்கள். பிரிட்டனின் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து 1996இல் பணவீக்கக் கணிப்பை விசிறிப் படமாக, அதாவது போகப்போக அகலும் பட்டையாக, வெளியிடத் தொடங்கியது. அந்தப் படத்தை எங்கே வெட்டி ஒட்டினாலும் ஐயமும் கூடவே போகும். பட்டையின் அகலத்தை ரெக்ரெஷன் (தரவில் உள்ள தொடர்பை மதிப்பிடும் புள்ளியியல் முறை) தரும் ஸ்டாண்டர்ட் எரரிலிருந்து, அதாவது திட்டப் பிழையிலிருந்து, எடுக்கக் கூடாது. மாதிரியும் சரி, தரவும் சரி என்று வைத்துக்கொண்டு வரும் எண் அது. தரவுத் திருத்தம் அதில் சேர்ந்திருக்காது. உங்கள் அலுவலகம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதே கால இடைவெளிக்குச் சொன்ன கணிப்புகளையும் பிறகு நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பிழைகளை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காணுங்கள். 1.2 புள்ளி வந்தால், மேலும் கீழும் 1.2 என்ற பட்டைக்குள் உண்மையில் நடப்பது ஏறத்தாழ மூன்றுக்கு இரண்டு முறைதான் விழும். பத்துக்கு ஒன்பது முறை விழ வேண்டுமென்றால் 1.64ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 2 புள்ளி. இவ்வளவு அகலமா என்று அமைச்சர் அலுவலகம் முகம் சுளிக்கும். குறைக்காதீர்கள்.

எந்தத் தேதிவரை வந்த தரவு என்பதையும் படத்துக்குள்ளேயே அச்சிடுங்கள். அடியில் போட்டால் வெட்டிவிடுவார்கள்.

சூத்திரம் சரி, எடை?

2010இல் பொருளியலாளர்கள் கார்மன் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும், அரசுக் கடன் ஜிடிபியில் 90 சதவீதத்தைத் தாண்டிய வளர்ந்த நாடுகளின் சராசரி வளர்ச்சி −0.1 சதவீதம் என்று எழுதினார்கள். அரசுச் செலவைக் குறைக்கும் சிக்கன நடவடிக்கையை ஆதரித்தவர்கள் அந்த 90ஐப் பிடித்துக்கொண்டார்கள். 2013இல் ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் திரும்பக் கணக்குப் போட்டபோது 2.2 வந்தது.

எல்லோருக்கும் நினைவிருப்பது எக்செல் பிழை: 30ஆம் வரிசையிலிருந்து 49 வரை போக வேண்டிய சராசரிச் சூத்திரம் 44இல் நின்றுவிட்டது; ஐந்து நாடுகள் விடுபட்டன. ஆனால் அதன் பங்கு வெறும் 0.3 புள்ளி. மீதி, சேர்க்காமல் விட்ட ஆண்டுகளாலும் எடை போட்ட விதத்தாலும் (சராசரியில் எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு என்பதாலும்) வந்தது. நியூசிலாந்தின் 1951 என்ற ஒரே ஓர் ஆண்டுக்கும் பிரிட்டனின் 19 ஆண்டுகளுக்கும் சம எடை. எக்செல் பிழையை ரெய்ன்ஹார்ட்டும் ரோகாஃபும் ஒப்புக்கொண்டார்கள். எடை போட்ட முறையை விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே உங்கள் எக்செல் தாளை இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வது போதாது. மூலத் தரவை மட்டும் கொடுங்கள், தாளைக் காட்டாதீர்கள், விடை ஒத்துவருகிறதா என்று பாருங்கள். வேறு முறையில் எடை போட்டால் எண் எவ்வளவு நகரும் என்பது குறிப்பின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

வெளியே போய் மாறுபடுவது

உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். வெளியே பேசத்தான் வேண்டும் என்றால் முதலில் ராஜினாமா. பிரிட்டன் பொருளியலாளர் கீன்ஸ் 1919 ஜூனில் பாரிஸ் அமைதி மாநாட்டுக் குழுவிலிருந்து விலகிய பிறகுதான் அங்கே எடுத்த முடிவுகளை எதிர்த்து எழுதினார்.

கட்டணம் வாங்கிய இடங்கள்

இதுவரை யாரிடமெல்லாம் கட்டணம் வாங்கியிருக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்: பதவியேற்கும் முன்பே, எழுத்தில், முழுப் பட்டியல்.

விடுப்புக் கணக்கு

அமெரிக்காவில் 1946 சட்டத்தால் உருவான பொருளாதார ஆலோசகர்கள் குழுவுக்குப் போகும் பேராசிரியர்களுக்குப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் இரண்டாண்டுதான் விடுப்புத் தரும். முன்னணி ஆய்விதழில் ஒரு கட்டுரை, அனுப்பியதிலிருந்து அச்சேற இரண்டு மூன்று ஆண்டு ஆவது சாதாரணம். கையில் இருப்பதை அனுப்பாமலேயே பதவிக்குப் போனால், திரும்பி வந்து இரண்டாண்டு கழித்தும் பட்டியலில் புதிதாக ஒன்றும் இருக்காது. கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் ஆய்விதழ்களுக்கு அனுப்பிவிடுங்கள். திருத்தி எழுதும் வேலையை யார் பார்ப்பது என்று இணை ஆசிரியர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். நிரந்தரப் பணி இன்னும் கிடைக்காதவர்கள், விடுப்புக் காலத்தில் மதிப்பீட்டுக் கடிகாரம் (நிரந்தரப் பணிக்கான மதிப்பீட்டுக்குக் கொடுத்த கால வரம்பு) நிற்குமா ஓடுமா என்று துறைத் தலைவரிடம் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசுக்குள் பார்த்த வரித் தாக்கல் விவரங்களை வெளியே வந்ததும் கட்டுரையாக்கலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். பதவி முடியும் நாளில் அணுகல் முடிந்துவிடும். அந்தத் தரவு ஆய்வுக்கு வேண்டுமென்றால் வெளி ஆய்வாளர் என்ற முறையில் புதிதாக விண்ணப்பித்து, முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.