ஆர்எக்ஸ் 100-க்குப் புது ரிங்: மாட்டும் முன் அளந்து பாருங்கள்

மண் ட்ராக்கில் ஓடும் யமஹா ஆர்எக்ஸ் 100 டூ-ஸ்ட்ரோக் பைக்கில் கம்ப்ரஷன் குறைந்து, கிக்கர் கையாலேயே அழுத்தும் அளவுக்கு லேசாகிவிட்டால், உடனே ஒரு பிஸ்டன் ரிங் செட் வாங்கி மாட்டிவிடுவது வழக்கம். போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை, நன்றாக இருந்தால் அது போதும். போர் தேய்ந்திருந்தால் ரிங் காசும் பேக்கிங் (கேஸ்கெட்) காசும் வீண். எது என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். புது ரிங்கும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு ஃபீலர் கேஜும் இருந்தால் போதும்.

கழற்றுவதற்கு முன் இன்ஜினை நன்றாகக் கழுவிக் காய விடுங்கள். சிலிண்டர் பிளாக்கைத் தூக்கிய உடனே கீழே திறந்திருக்கும் கிராங்க் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். பிஸ்டனைக் கனெக்டிங் ராடில் இணைக்கும் கட்ஜன் பின்னின் லாக் ஒன்று தெறித்து உள்ளே விழுந்தால் முழு இன்ஜினையும் பிரிக்க வேண்டிவரும். பழைய பிஸ்டனையும் ஒரு நிமிடம் பாருங்கள். ரிங்குக்குக் கீழே பழுப்பாகப் படிந்திருந்தால் கேஸ் இறங்கியிருக்கிறது. கார்புரேட்டர் பக்கத்து ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி) சாம்பல் நிறத்தில் மங்கி, மெல்லிய செங்குத்துக் கோடுகள் விழுந்திருந்தால் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. ஃபில்டரைச் சரிசெய்யாமல் ரிங் மட்டும் மாற்றினால் அதே தூசி புது ரிங்கையும் தின்றுவிடும்.

ரிங் வாங்கும் முன் பிஸ்டன் தலையில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். ஸ்டாண்டர்டு போர் 50 மி.மீ. 25 என்றிருந்தால் 0.25 ஓவர்சைஸ், அதாவது ஸ்டாண்டர்டைவிட 0.25 மி.மீ. பெரியது; 50 என்றிருந்தால் 0.50. ரிங்கும் அதே அளவில்தான் இருக்க வேண்டும்.

இனி அளப்பது. புது ரிங்கைப் பிஸ்டனில் மாட்டாமல் வெறும் போருக்குள் வையுங்கள். பிஸ்டனின் தலையால் அதை 15 முதல் 20 மி.மீ. ஆழத்துக்குத் தள்ளுங்கள், அப்போதுதான் சாயாமல் நேராக உட்காரும். இரண்டு முனைக்கும் நடுவே ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். 25 மி.மீ. விட்டத்துக்கு 0.10 என்ற கணக்கில் 50 மி.மீ. போருக்கு 0.20 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். 0.35 வரை கவலையில்லை. குறைவாக இருந்தால், சூட்டில் ரிங் விரியும்போது முனைகள் ஒன்றையொன்று முட்டிப் போரைக் கீறி சீஸ் ஆகும் (பிஸ்டன் இறுகி நின்றுவிடும்). அப்படியானால் மெல்லிய அரத்தால் ஒரு முனையை மட்டும் தேயுங்கள். வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே, ஒரே திசையில். உள்ளிருந்து வெளியே இழுத்தால் ஓரத்துக் குரோம் பூச்சு பெயரும்.

அதே ரிங்கை போர்ட்டுகளுக்கு (சிலிண்டர் சுவரில் கேஸ் போய்வரும் துளைகளுக்கு) கீழேயும், எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குச் சற்று மேலேயும் வைத்து மறுபடி அளந்து பாருங்கள். விட்டம் 0.05 மி.மீ. கூடினால் சுற்றளவு 0.16 மி.மீ. கூடும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் இடைவெளியில் மூன்று மடங்காகப் பெருகித் தெரிகிறது. கீழே 0.22, மேலே 0.38 என்று வந்தால் போர் 0.05 தேய்ந்து கூம்பாகிவிட்டது என்று பொருள். அந்தப் போரில் ரிங் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் விரிந்து சுருங்கும், ஒழுங்காக உட்காராது. லேத் கடைக்கு எடுத்துப் போய் அடுத்த ஓவர்சைஸுக்குப் போரிங் செய்து, அதே அளவில் பிஸ்டன் கிட் போடுவதுதான் சரி.

வேறுபாடு சிறிதாக இருந்தால் லேசான ஹோனிங் (போர்ச் சுவரைக் கல்லால் தேய்ப்பது) போதும். மூன்று கால் கல் வேண்டாம், அது போர்ட்டில் சிக்கும். 240 கிரிட் பால் ஹோனை (கம்பி நுனிகளில் கல் உருண்டைகள் உள்ள பிரஷ்) எண்ணெயில் நனைத்து, டிரில் மெஷினை மெதுவாகச் சுற்றவிட்டு, மேலும் கீழுமாக 15 விநாடி ஓட்டினால் கோடுகள் 45 டிகிரியில் குறுக்கே விழும். பிறகு சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோல் மட்டும் ஊற்றினால் கல் தூள் கோடுகளுக்குள்ளேயே தங்கிவிடும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். காய்ந்ததும் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) தடவாவிட்டால் சீக்கிரமே துருப்பிடிக்கும். இதெல்லாம் இரும்பு ஸ்லீவுக்குத்தான். யமஹா ஒய்இசட், கேடிஎம் போன்ற பைக்குகளின் நிக்கசில் பூச்சுள்ள (கடினமான நிக்கல் பூச்சு) பிளாக்கில் இப்படிக் கல் பிடிக்கக் கூடாது.

பழைய பிஸ்டனையே போடுவதானால், பழைய ரிங்கை உடைத்து அதன் முனையால் அதே பள்ளத்துக் கார்பனைச் சுரண்டுங்கள், அலுமினியத்தைச் சுரண்டாமல். கீழ் ரிங் முதலில், மேல் ரிங் பிறகு. முனைக்குப் பக்கத்தில் எழுத்து அடித்த முகம் மேலே பார்க்க வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் சின்னதாக ஒரு பின் இருக்கும், ரிங்கின் இரு முனைகளும் அதன் இரு பக்கமும் அணைந்து நிற்க வேண்டும். பிஸ்டன் தலையிலுள்ள அம்பு எக்ஸாஸ்ட் பக்கம். கட்ஜன் பின் லாக் எப்போதும் புதிது, அதன் வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே.

ரிங் உடைவது பெரும்பாலும் பிளாக்கை இறக்கும்போதுதான். புது பேஸ் பேக்கிங் வைத்து, பிஸ்டனுக்கும் போருக்கும் 2டி ஆயில் தடவி, விரல்களால் ரிங்கை அமுக்கிப் பிடித்தபடி பிளாக்கை நேராக இறக்குங்கள். முனைகள் பின்னின் மேல் ஏறாமல் அமுங்கினால் இடைவெளி ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த ரிங். தடுத்தால் தட்டாதீர்கள், தூக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். பிளாக்கை இடம் வலமாகத் திருப்பவே கூடாது, ரிங் முனை போர்ட்டுக்குள் எட்டிப் பார்த்து அங்கேயே ஒடியும்.

ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, மூன்று சுற்றில் முறுக்குங்கள். ஆயில் பம்ப்பை எடுத்துவிட்ட வண்டி என்றால் முதல் டேங்க்குக்குப் பெட்ரோல் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில். ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, கை வைக்கும் அளவுக்கு ஆற விடுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு ஓட்டுங்கள், ஆனால் ஐடிலில் வெகுநேரம் நிறுத்தாதீர்கள். ரிங்கைப் போர் மேல் அழுத்துவது அதன் பின்னால் புகும் கேஸ் அழுத்தம், அதற்கு ஓரளவு லோடு வேண்டும். பாதி த்ராட்டில் வரை ஏற்றி இறக்கி ஓட்டினால் நன்றாகப் படியும். முதல் ஓட்டம் முடிந்து இன்ஜின் முழுதாக ஆறியதும் ஹெட் நட்டுகளை இன்னொரு முறை சரிபாருங்கள்.