ஒரு கிடா, இரண்டு சாமி: ஊர்க்கதையைக் குறும்படமாக எடுப்பது எப்படி

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கு மூன்று நாள் இருக்கும்போது பெரியம்மா நேர்ந்துவிட்ட கிடா காணாமல் போனது. தேடிப் பார்த்தால் பக்கத்து ஊரில் ஒரு வேப்பமரத்தடியில் கட்டிக் கிடக்கிறது. கட்டிவைத்தவர் பெரியம்மாவுக்குத் தூரத்து முறையில் கொழுந்தனார். "தானா வந்த கெடா, வந்த அன்னைக்கே எங்க சாமிக்கு நேந்துவிட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஒரு கிடா, இரண்டு சாமி. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடி உட்கார்ந்து ராத்திரி பதினோரு மணி வரை பேசினார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

நான் கோவில்பட்டிப் பக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். அதற்கு நடுவே நான்கு குறும்படங்களும் ஐந்து எபிசோடுள்ள ஒரு வெப் சீரிஸும் எடுத்திருக்கிறேன். அந்தக் கிடா கதைதான் என் மூன்றாவது படம், பதினான்கு நிமிடம். இந்த மாதிரிக் கதைகளை எங்கே பிடிப்பது, எப்படி எடுப்பது என்று கேட்டு வருகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் கதை. கேட்கிற எனக்கு விநோதமாகவும் சொல்கிறவருக்குச் சாதாரணமாகவும் இருக்க வேண்டும். நான் பார்ப்பது அதைத்தான். பெரியம்மா அந்தக் கதையை வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு அது வேடிக்கை இல்லை, சாமிக்குக் கொடுத்த வாக்கு. அந்த நிதானம் படத்தில் வந்துவிட்டால் பார்ப்பவர்கள் தானாகச் சிரிப்பார்கள், கொஞ்ச நேரத்தில் பதறவும் செய்வார்கள். நடிகர்கள் சிரிக்க வைக்க முயன்றால் இரண்டுமே நடக்காது.

டீக்கடையில் போய் "உங்க ஊர்ல விசித்திரமா என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் பேய்க்கதைதான் வரும். நான் வேறு மாதிரிக் கேட்பேன். "கடைசியா இங்க பஞ்சாயத்து எதுக்குக் கூடுச்சு?" "பேசாம இருக்கிற அண்ணன் தம்பி யாராவது உண்டா, எதனால?" இப்படிக் கேட்டால் ஒரு கிணறு, ஒரு வாழைத்தார், கல்யாண வீட்டில் மாறிப்போன ஒரு செருப்பு என்று வரிசையாக வரும். அனுமதி கேட்டு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கதையை மறந்தாலும் பரவாயில்லை, அவர்கள் சொன்ன சொற்களை மறக்கக் கூடாது.

அப்புறம், கதைக்குச் சொந்தக்காரரிடம் முறையாகக் கேட்க வேண்டும். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். எங்கள் பக்கத்தில் சாமி பெயரைச் சொன்னாலே எந்தத் தெரு, எந்தச் சாதி என்று தெரிந்துவிடும். நாம் ஊரை விட்டு வந்த பிறகும் அந்த இரண்டு ஊர்களும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கப் போகின்றன. அதனால் சாமி பெயர், ஊர் பெயர், உறவுமுறை எல்லாவற்றையும் மாற்றி, மாற்றியதைப் பெரியம்மாவுக்கும் கொழுந்தனாருக்கும் படித்துக் காட்டி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். இரண்டு பேரும் எந்த இடத்தை நீக்கச் சொன்னார்களோ அதை நீக்கிவிட்டேன்.

எழுதும்போது மூன்று விஷயங்கள் தெளிவாக இருந்தால் போதும். யாருக்கு என்ன வேண்டும், எந்த நாளுக்குள் வேண்டும், ஊர் வழக்கத்தில் எது குறுக்கே நிற்கிறது. கொடை மாதிரித் தேதி குறித்த ஒரு நிகழ்வு கதையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பொதுவாக ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு. நான் முதலில் எழுதியது 22 பக்கம். கிடா காணாமல் போவதற்கு முன்னால் இருந்ததை எல்லாம் வெட்டினேன், 13 பக்கம் ஆனது.

வசனத்தைத் தனியாக உட்கார்ந்து எழுதி முடிக்காதீர்கள். "இது சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா, நீங்கள் கட்டிவைத்தது தவறு" என்று நான் எழுதியிருந்தேன். பெரியம்மா கேட்டுவிட்டு, "இப்பிடி யாரு பேசுவா? 'ஏ கொளுந்தனாரே, சாமி கெடாவக் கட்டிவச்சிட்டு ஒமக்குச் சோறு எறங்குதா?' அப்பிடில்ல கேப்பேன்" என்றார். படத்தில் எல்லோரும் திரும்பச் சொல்லிக்காட்டுகிற வரி அதுதான். எங்கள் பக்கத்துப் பேச்சு வேறு, நாகர்கோவில் பேச்சு வேறு, மதுரைப் பேச்சு வேறு. உங்கள் கதை எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர்க்காரர் ஒருவர் முன்னால் எல்லா வசனத்தையும் சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

நடிக்க உள்ளூர் ஆட்கள் போதும். கேமரா வந்ததும் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் விறைத்துப்போவார்கள். கைக்கு ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். புளியில் கொட்டை எடுப்பது, கயிறு திரிப்பது, முருங்கைக்கீரை உருவுவது, எதுவானாலும் சரி. கொழுந்தனாராக நடித்தவர் வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டு பாடுகிறவர், திடல் முழுக்கக் கேட்கிற குரல். எத்தனை சொல்லியும் குரல் இறங்கவில்லை. மடியில் அவருடைய பேரனைத் தூங்கவைத்துவிட்டு வசனம் பேசச் சொன்னோம், இறங்கிவிட்டது.

கேமராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல போன் போதும். ஆனால் தானியங்கி அமைப்பில் எடுக்காதீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்தால் டியூப் லைட் வெளிச்சம் படத்தில் மினுக்காது. பல போன்கள் பிரேம் வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும். அப்படி மாறினால், தனியாகப் பதிவு செய்த ஒலி போகப் போக உதட்டசைவோடு சேராமல் விலகும். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், எல்லாவற்றையும் நாமே பூட்டி வைக்கலாம். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம்.

கரிசல் காட்டில் உச்சி வெயிலில் முகத்தை எடுத்தால் கண் இரண்டும் குழியாகத் தெரியும். காலை ஒன்பதரைக்குள் எடுங்கள், இல்லை என்றால் நாலு மணிக்கு மேல். நடுவில் வீட்டுக்குள் எடுக்க வேண்டிய காட்சிகளை வையுங்கள். வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, ஜன்னல் வெயிலை மெதுவாக்க ஒரு வெள்ளை வேட்டி. எங்களிடம் இருந்த லைட் சாமான் அவ்வளவுதான்.

காசு இருந்தால் ஒலிக்குச் செலவழியுங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால்கூடப் பார்ப்பார்கள், பேச்சு கேட்காவிட்டால் அந்த நிமிடமே போய்விடுவார்கள். ஆடி மாதம் எங்கள் பக்கம் அடிக்கிற காற்றுக்கு மைக்கின் மேல் ரோம உறை கட்டாயம். வீட்டுக்குள் மின்விசிறியையும் பிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். பிரிட்ஜை நிறுத்தும்போது வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவேன். கிளம்பும்போது சாவி தேடுவோம், பிரிட்ஜைத் திரும்பப் போடும் ஞாபகம் வரும். நமக்கு வீடு கொடுத்த அக்காவின் பால் கெட்டுப்போகக் கூடாது, இல்லையா? ஒவ்வோர் இடத்திலும் எல்லோரையும் பேசாமல் நிற்கவைத்து முப்பது நொடி வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் வசனங்களுக்கு நடுவே விழுகிற ஓட்டையை அடைக்க அதைவிட நல்லது எதுவும் கிடையாது.

கொடை என்றால் ரேடியோ செட்டில் சினிமாப் பாட்டு ஓடும். அது பின்னணியில் விழுந்தால் யூடியூபில் உரிமைப் பிரச்சினை வரும். செட்டுக்காரரிடம் பணிவாகக் கேட்டு நிறுத்திவிட்டு எடுங்கள். நாங்கள் இசைக்கு ஒரு நையாண்டி மேளக் குழுவைத் தனியாக அழைத்து, சம்பளம் பேசி, ஒரு மணி நேரம் வாசிக்கவைத்துப் பதிவு செய்தோம். அதைப் படத்தில் பயன்படுத்த அவர்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டோம்.

இனி கிடா. விலங்கை நடிக்கவைக்க இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். கால்நடை மருத்துவரின் சான்றிதழும் இணைக்க வேண்டும். படப்பிடிப்புத் தேதியை அனுமதி வந்த பிறகு குறியுங்கள். வெட்டுகிற காட்சி எங்கள் படத்தில் கிடையவே கிடையாது. கதை முடிவது அதற்கு முன்னால். கிடாவின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள், அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். எந்தச் சாமியின் பெயரைச் சொல்லித் தெளிக்கும்போது சிலுப்புகிறதோ, கிடா அந்தச் சாமிக்கு. ஆனால் ஆட்டிடம் எப்படி நடிப்பு கேட்பது? அதைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று முடிவு செய்திருந்தோம். வளர்த்த அண்ணாச்சி, "காலையில எந்திரிச்சதும் தானா சிலுப்பும் தம்பி, காத்திருங்க" என்றார். ஐந்தரை மணிக்கே கேமராவை வைத்துக் காத்திருந்தோம். ஆறு மணி வெளிச்சத்தில் எழுந்து, கால் நீட்டி, அடித்துச் சிலுப்பியது. தண்ணீர் தெளிக்கிற கையை வேறொரு ஷாட்டாக எடுத்து ஒட்டினோம். விலங்கை எடுக்கும்போது அதன் பழக்கம் தெரிந்தவரிடம் முதலில் கேளுங்கள், திட்டத்தை அதற்குத் தக்கபடி போடுங்கள்.

செலவு மொத்தம் 31,000 ரூபாய். சாப்பாடு 9,500, மைக், லென்ஸ் வாடகை 7,500, வண்டி 6,000, நடிகர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் 5,000, கிடாவுக்கும் அண்ணாச்சிக்கும் 3,000. சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டரை நாள் நமக்காக வெயிலில் நிற்கிறவர்களுக்கு நல்ல சோறு போட வேண்டும்.

வெப் சீரிஸ் எடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரு நீளமான படத்தை ஐந்தாக வெட்டுகிறார்கள். அதைவிட, புது ஆட்கள் புதுப் பிரச்சினையோடு வந்துகொண்டே இருக்கிற ஓர் இடத்தைப் பிடியுங்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை தோறும் குறைதீர்க்கும் நாள் நடக்கும். வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் அப்படி ஒருவரை வைத்து எழுதினோம். ஓர் எபிசோடுக்கு ஒரு மனு. பக்கத்து வீட்டுச் சேவல் நடுராத்திரியில் கூவுகிறது என்று ஒருவர் வருவார். கை ரேகை தேய்ந்துபோய் ரேஷன் கடை மெஷினில் விழாத ஒரு பாட்டி வருவார். மனு எழுதுகிறவரின் சொந்த மனு ஒன்று ஐந்து எபிசோடிலும் மெதுவாக நகரும். அவர் உட்கார்ந்து மனு எழுதுவது ஒரே ஜெராக்ஸ் கடையில் என்பதால் ஐந்து எபிசோடின் கடைக்காட்சிகளையும் நான்கு நாளில் சேர்த்து எடுத்துவிட்டோம். அப்படி எடுத்தால் எந்த எபிசோடுக்கு எந்தச் சட்டை என்று எழுதி ஒட்டிவைப்பது முக்கியம்.

எடிட்டிங் முடிவதற்கு முன்னால், காட்சிகளை வரிசையாக ஒட்டிய முதல் வடிவத்தைக் கதைக்குச் சொந்தக்காரரிடம் காட்டுங்கள். பெரியம்மா முழுவதும் பேசாமல் பார்த்தார். கடைசியில், "கயிறுதான்யா சரியில்ல" என்றார். நாங்கள் கட்டியிருந்தது நீல நைலான் கயிறு. நேர்ந்துவிட்ட கிடாவை அவர் தேங்காய் நார்க் கயிற்றில்தான் கட்டியிருந்தாராம், அதுவும் அவரே திரித்தது. அண்ணாச்சி வீட்டுக்குத் திரும்பப் போய் ஆறு ஷாட்களை மறுபடி எடுத்தோம். அந்தக் கயிற்றையும் பெரியம்மாதான் திரித்துக் கொடுத்தார்.

யூடியூபில் போடத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை, தியேட்டரில் பொதுமக்களுக்குத் திரையிட்டால் தேவை. ஆனால் எடுத்த கையோடு யூடியூபில் போட்டுவிடாதீர்கள். இணையத்தில் வந்துவிட்ட படத்தைச் சில விழாக்கள் ஏற்காது, அதனால் விதிகளை முதலில் படியுங்கள். திருவனந்தபுரத்தில் கேரள மாநிலச் சலச்சித்ர (திரைப்பட) அகாதமி 2008 முதல் நடத்துகிற ஆவணப்பட, குறும்பட விழா நமக்குப் பக்கம். படம் தேர்வாகாவிட்டாலும் ஒருமுறை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். மாதாமாதம் கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் விருது அனுப்புகிற ஆன்லைன் விழாக்கள் நிறைய இருக்கின்றன. அந்தக் காசுக்கு ஒரு நாள் மைக் வாடகை கட்டலாம். ஆங்கில சப்டைட்டிலை மெஷினிடம் விடாமல் நீங்களே எழுதுங்கள். 'கொழுந்தனார்' என்ற ஒரு சொல்லுக்குள் இருக்கிற உரிமையும் கேலியும் அதற்குப் பிடிபடாது.

எடுத்த காட்சிகள் எல்லாவற்றையும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். எங்களுடையதில் ஒன்று என் கடையில் இருக்கிறது. இன்னொன்று பெரியம்மா வீட்டுப் பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு நடுவே, மஞ்சள் துணிப் பையில்.