தொளதொள ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு வாஷர் போதும்

ஆர்கேட் ஜாய்ஸ்டிக் (வீடியோ கேம் ஆடும் கைப்பிடித் தண்டு) தொளதொளவென்று ஆடினால் உடனே புதிது வாங்காதீர்கள். அடியில் தண்டைப் பிடித்திருக்கும் ஈ-கிளிப்பை (E வடிவச் சின்ன உலோக வளையம்), ஆக்சுவேட்டரை (தண்டின் கீழ்ப்பகுதியில் ஸ்விட்சுகளை அழுத்தும் துண்டு) மேலே அழுத்திக்கொண்டே தட்டை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி எடுங்கள் (தெறித்து ஓடும், விரலால் மறைத்துக்கொள்ளுங்கள்), அப்புறம் ஸ்பிரிங்கின் ஒரு முனையில் தண்டுக்குப் பொருந்தும் மெல்லிய நைலான் வாஷர் ஒன்றைக் கோத்து மறுபடி மாட்டினால் ஸ்பிரிங் கூடுதலாக அழுந்தி, பிடி விறைப்பாகி, கையை விட்டதும் சட்டென்று நடுவுக்கு வந்துவிடும். ஒன்று போதும். நிறையப் போட்டால் தண்டு ஓரம்வரை சாயாமல் போகலாம்.

ஸ்விட்ச் தாமதமாகப் பிடிக்கிறதா? ஆக்சுவேட்டரைச் சுற்றி ஒரே ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பாருங்கள், குறைவாகச் சாய்த்தாலே ஸ்விட்ச் அழுந்தும், எனக்கு இதுதான் மிகவும் பிடித்த மாற்றம். தண்டு நடுவில் நிற்கும்போதே க்ளிக் கேட்டால் தடிமன் அதிகம், உரித்துவிடுங்கள்.