வயசான நாய்க்கு ஸ்ட்ரோக் மாதிரி வந்துட்டா எப்படி பாத்துக்கறது

நம்ம பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் வயசான நாய் திடீர்னு தலைய ஒரு பக்கமா சாச்சுட்டு குடிச்சவனாட்டம் சுத்தி சுத்தி விழுந்துச்சுன்னா, வாதம் வந்துருச்சு, இனி தேறாது, ஊசி போட்டு முடிச்சுருங்கன்னு அக்கம்பக்கத்துல சொல்லிருவாங்க. தயவு செஞ்சு அவசரப்படாதீங்க. இப்படி வர்ற நிறைய நாய்க்கு அது ஸ்ட்ரோக்கே கிடையாது, காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் பிரச்சனை, டாக்டருங்க வெஸ்டிபுலர்னு சொல்லுவாங்க. கண்ணு முழி இடவலமா ஓடும், வாந்தி எடுக்கும், பாக்கவே வயிறு கலங்கும், ஆனா மொத 2, 3 நாள்தான் ரொம்ப மோசம், அப்பறம் ரெண்டு மூணு வாரத்துல பெரும்பாலும் நடந்துரும். தலை கொஞ்சம் சாஞ்சே நின்னுறலாம், அதோடயே நல்லா இருக்கும். நெஜ ஸ்ட்ரோக்கா இருந்தாக்கூட நல்லா பாத்துக்கிட்டா நிறைய நாய் தேறுதுங்க.

ஆரம்பிச்ச உடனே போன்ல ஒரு வீடியோ எடுங்க, கண்ணு ஓடுறது தெரியற மாதிரி. டாக்டர்கிட்ட போறப்ப அது நின்னு போயிருந்தா நம்ம வாயால சொல்லி புரிய வைக்க முடியாது. அன்னைக்கே காட்டிருங்க. காதுக்குள்ள சீழ் இருக்கா, பிரஷர், கிட்னி, சுகர், தைராய்டு, உண்ணிக்காய்ச்சல் எல்லாம் பாக்க சொல்லுங்க, காரணம் இங்கதான் பல தடவ கிடைக்கும். உள்ளூர்ல முடியலன்னா திருச்சூர் பக்கம் மண்ணுத்தி வெட்டினரி காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு.

ரெண்டு விஷயம் மட்டும் தனியா பாருங்க. பங்குனி சித்திரைல உடம்பு அனலா கொதிச்சு மூச்சு வாங்குச்சுன்னா அது வெயில் அடிச்சது, நிழல்ல போட்டு மேல தண்ணி ஊத்தி ஃபேன் காத்து பட வெச்சுட்டே கொண்டு போங்க. வெறிநாய் தடுப்பூசி போடாத நாய், எச்சி ஒழுகுது, முழுங்க முடியல, குணமே மாறிருச்சுன்னா வாய்ப்பக்கம் கை கொண்டு போகவே கூடாது, மொதல்ல டாக்டருக்கு போன் போடுங்க.

வீட்டுக்கு வந்தப்பறம்தான் உண்மையான வேலை. டைல்ஸ் தரைல கால் வழுக்கும், அதனால சாக்கு இல்லன்னா ரப்பர் மேட் விரிச்சு, படிக்கட்டும் கெணத்துப்பக்கமும் போகாம அடைச்சு வைங்க. எந்திரிக்க முடியாத நாய 4 மணி நேரத்துக்கு ஒரு தடவ, ராத்திரியும் சேத்து, பக்கம் மாத்திப் போடுங்க, இல்லன்னா இடுப்பெலும்பு கிட்ட புண்ணாயிரும், நம்ம ஊரு ஈ மொய்ச்சா ஒரே நாள்ல புழு வெச்சுரும். மூத்திரம் பட்ட எடத்த வெதுவெதுப்பா கழுவி நல்லா தொடச்சு காய வைங்க. நடக்க வைக்க பழைய லுங்கிய வயித்துக்கு அடில குடுத்து தூக்கிப் பிடிச்சா போதும். அரை நாளா மூத்திரமே போகலன்னா டாக்டர கூப்பிடுங்க.

சாப்பாடு குடுக்கறப்ப படுத்த வாக்குல ஊட்டாதீங்க. நெஞ்சு தரைல ஊனி தலை நிமிந்து இருக்கணும், சோறும் கறியும் பிசைஞ்சு சின்ன உருண்டையா கைல வெச்சு நீட்டுங்க. தண்ணிய வாய்க்குள்ள ஊத்தவே கூடாது, நுரையீரலுக்குப் போயிரும், கிண்ணத்த மூக்குக்கிட்ட புடிச்சா அதுவே நக்கும். வாந்திக்கு டாக்டர் மருந்து எழுதிக் குடுப்பாரு. நம்ம சாப்பிடற வலி மாத்திரை, ஆஸ்பிரின், ப்ரூஃபன் எதுவும் வேண்டாம், மூளைல ரத்தக்கசிவா இருந்தா ஆஸ்பிரின் இன்னும் மோசமாக்கும், ப்ரூஃபன் வயித்துல புண்ணாக்கி கிட்னிய கெடுக்கும்.

மூணு நாள் கழிச்சும் துளி முன்னேற்றம் இல்ல, கூப்பிட்டா கண்ணு தொறக்கல, இல்ல வலிப்பு வருதுன்னா காத்திருக்காம திரும்ப கொண்டு போங்க. வலிப்பு 5 நிமிஷம் தாண்டுச்சுன்னா நடு ராத்திரியா இருந்தாலும் ஜீப்போ ஆட்டோவோ புடிச்சு கிளம்பிருங்க.