ரேக் முன்னாடி ஒருத்தர், வீட்டுல ஒருத்தர்: ரெண்டு பேரும் ஒரே சர்வர் கன்சோல பாக்கறது எப்படி

நடு ராத்திரி சர்வர் பூட் ஆகாம நிக்குது, டேட்டா சென்டர்ல ஒருத்தர் மானிட்டர மாட்டிட்டு நிக்கிறாரு, நீங்க வீட்டுல உக்காந்து போன்ல "என்ன வருது, மறுபடி படிங்க"ன்னு கேட்டுட்டு இருக்கீங்க. இந்தப் பாடு வேண்டாம்ங்க. ஐபிஎம்ஐ (IPMI, ஓஎஸ் ஓடாட்டியும் நெட்வொர்க் வழியா சர்வர கவனிக்க உதவற வசதி) இருக்கற லினக்ஸ் சர்வரா இருந்தா கன்சோல, அதாவது பூட் மெசேஜ் வந்து கமாண்ட் அடிக்கற திரைய, ரெண்டு பேரும் சேந்தே பாக்கலாம்.

மொதல்ல பயாஸ்ல (சர்வர் ஆன் ஆனதும் ஓடற அடிப்படை செட்டப்ல) கன்சோல் ரீடைரக்‌ஷன ஆன் பண்ணிட்டு, திரையில வர்ற எழுத்து எந்த காம் போர்ட்டுக்கு (சீரியல் போர்ட்டுக்கு) போகுதுன்னு பாருங்க. நிறைய மெஷின்ல காம்2தான், லினக்ஸுக்கு அது டிடிஒய்எஸ்1 (ttyS1). ஸ்பீடு 115200ன்னா பயாஸ், க்ரப் (லினக்ஸ பூட் பண்ற புரோகிராம்), கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி), ஐபிஎம்ஐ எல்லாத்துலயும் அதேதான் இருக்கணும், எங்கயாவது 9600ன்னு மாட்டிகிச்சுன்னா குப்பை எழுத்தா வரும். க்ரப் டெர்மினல்ல கன்சோல், சீரியல் ரெண்டையும் குடுத்துட்டா மெனு ரெண்டு பக்கமும் தெரியும்.

நிறைய பேரு கோட்டை விடறது கெர்னல் லைன்லதான், அதாவது பூட் ஆகும்போது க்ரப் கெர்னலுக்குக் குடுக்கற செட்டிங்லதான். மானிட்டருக்கு கன்சோல்=டிடிஒய்0 (console=tty0), அதுக்கு அடுத்து சீரியலுக்கு கன்சோல்=டிடிஒய்எஸ்1,115200 (console=ttyS1,115200), இந்த வரிசையில ரெண்டையும் போடணும். கெர்னல் மெசேஜ் ரெண்டுலயும் வரும், ஆனா கடைசியா எத எழுதறீங்களோ அதுதான் மெயின் கன்சோல், சிஸ்டம்டி (சர்வீஸெல்லாம் ஸ்டார்ட் பண்ற லினக்ஸ் புரோகிராம்) ஒவ்வொரு சர்வீஸா ஸ்டார்ட் பண்ற வரியெல்லாம் அதுக்கு மட்டும்தான் போகும். சீரியல கடைசில வச்சா மானிட்டர் முன்னாடி நிக்கிறவருக்கு பாதியில நின்னுட்ட மாதிரி தெரியும், ஹேங் ஆயிடுச்சுன்னு நெனச்சு அவரு பவர் பட்டன அமுக்கிடுவாரு, அதனால முன்னாடியே சொல்லி வைங்க.

அடுத்து ஷேரிங். ஐபிஎம்ஐ சீரியல் ஓவர் லேன்ல (சீரியல் கன்சோல நெட்வொர்க் வழியா பாக்கற வசதி) ஒரு நேரத்துல ஒரே ஒரு செஷன்தான், ரெண்டாவது ஆளு வந்தா ஏற்கனவே ஆக்டிவ்ன்னு திருப்பி அனுப்பிடும். டீஆக்டிவேட் குடுத்து உள்ள போகலாம்தான், ஆனா அங்க வேலை பாத்துட்டு இருக்கறவரு வெளிய விழுந்துடுவாரு, பாதி எஃப்எஸ்சிகேல (fsck, டிஸ்க்ல இருக்கற ஃபைல் சிஸ்டத்த சரி பாக்கறது) இருக்கும்போது யாருக்கும் இத செய்யாதீங்க. அதுக்குப் பதிலா ஒரு ஜம்ப் சர்வர்ல (ரெண்டு பேரும் லாகின் பண்ணி, அங்கேந்து மத்த சர்வருக்குப் போற மெஷின்) டிமக்ஸ் (tmux, ஒரே டெர்மினல பல பேர் பாக்க விடற புரோகிராம்) தொறந்து, அதுக்குள்ள ஐபிஎம்ஐடூல (ipmitool, ஐபிஎம்ஐக்கு கமாண்ட் குடுக்கற புரோகிராம்) ஓட்டுங்க. ரேக் பக்கத்துல இருக்கறவரும் லேப்டாப்ல அதே டிமக்ஸுக்கு அட்டாச் ஆகட்டும், பாக்க மட்டும் வர்றவங்க மைனஸ் ஆர் (-r) போட்டு வந்தா டைப் பண்ண முடியாது. யார் டைப் பண்றதுன்னு போன்லயே பேசி முடிவு பண்ணிக்கோங்க.

சர்வர் நிறைய இருந்தா கன்சர்வர் (conserver, பல சர்வர் கன்சோல ஒரே இடத்துலேந்து பகிர்ந்து பாக்கற புரோகிராம்) போட்டுடுங்க. ஒருத்தர் எழுதுவாரு, மத்தவங்க பாப்பாங்க, அவசரம்ன்னா கண்ட்ரோல் ஈ, சி, எஃப் அடிச்சு கைக்கு எடுத்துக்கலாம், எல்லாம் லாக்கும் ஆகும், காலையில என்ன நடந்துச்சுன்னு பாக்க அது ரொம்ப உதவும்.

ஐபிஎம்ஐடூல விட்டு வெளிய வர டில்டே, புள்ளி (~.). எஸ்எஸ்ஹெச் (SSH, வேற மெஷின்ல நெட்வொர்க் வழியா லாகின் பண்றது) வழியா வந்திருந்தா டில்டேய ரெண்டு தடவ அடிங்க, இல்லன்னா எஸ்எஸ்ஹெச்சே கட் ஆயிடும். அதுக்கு முன்னாடி மறக்காம லாக்அவுட் பண்ணுங்க, சீரியல்ல செஷன மூடினாலும் ரூட் ஷெல் (முழு அதிகாரம் இருக்கற கமாண்ட் திரை) அப்படியே தொறந்து கெடக்கும், அடுத்து வர்றவரு நேரா அதுலதான் வந்து நிப்பாரு. பாஷ் ஷெல்லோட செட்டிங் டிஎம்அவுட்ட (TMOUT) 600 செகண்டுன்னு வச்சுட்டா பாஷ் ஷெல் பத்து நிமிஷம் சும்மா இருந்தா தானா மூடிக்கும்.